காயலான் கடை பூட்ஸ்

உடைமரத்து முள் குத்தியவனுக்குத்தான் பூட்ஸின் அருமை தெரியும். ராதாபுரம், வள்ளியூர் பக்கத்து உடங்காடுகளில் நிலம் அளக்கப் போகிறவன் நான். விரல் நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று நிற்கும் முள். ரப்பர் செருப்போ கேன்வாஸ் ஷூவோ, அடியில் ஏறினால் மேலே வந்து எட்டிப் பார்க்கும். காற்றாலைக்காரர்களும் சோலார்காரர்களும் அளக்கச் சொல்லும் இடமெல்லாம் இப்படித்தான் இருக்கிறது; நல்ல ரோடு போட்ட இடத்தை அளக்க யாரும் கூப்பிடுவதில்லை. புதிதாக நல்ல தோல் பூட்ஸ் ஏழாயிரம், எட்டாயிரம் என்றார்கள். அதனால் பழசு.

இது இரண்டாவது ஜோடியின் கதை. முதல் ஜோடியை நானே கொன்றுவிட்டேன். அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

அது ஆன்லைனில் 1,200 ரூபாய்க்கு வாங்கியது. "வாங்கி அஞ்சு வருஷம் பெட்டியிலேயே இருந்தது, ரெண்டு தடவைகூடப் போடல" என்று விற்றவர் சொன்னதை நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன். தோல் கொஞ்சம் வறண்டிருந்தது. அங்கணத்தில் வைத்து வாஷிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவி, சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் அம்மா காயவைத்திருந்த மோர் மிளகாய்க்குப் பக்கத்திலேயே வைத்தேன். சாயங்காலம் எடுக்கும்போது மிளகாயும் பூட்ஸும் ஒரே பதத்தில் இருந்தன. தட்டினால் கருவாடு மாதிரி டக் டக்கென்று சத்தம். பயந்துபோய்த் தேங்காய் எண்ணெயைக் கால் கிண்ணம் ஊற்றி ஊறவிட்டேன். இளகத்தான் செய்தது. ஆனால் அதற்குப் பிறகு தேரிக்காட்டு மண்ணெல்லாம் அதில்தான் ஒட்டியது. ஒரு மாதத்தில் விரல் மடங்கும் இடத்தில் வெடிப்பு.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மூன்றாவது தடவை போட்டுக்கொண்டு நாங்குநேரிப் பக்கம் போனபோது வலது கால் சோல் உதிர்ந்தது. பிய்ந்தது என்று சொல்ல முடியாது. புட்டு உதிருமே, அதே மாதிரி பொலபொலவென்று. பத்து எட்டில் இடது காலும் போச்சு. சணலை வைத்துக் கட்டிக்கொண்டு ஒரு கிலோமீட்டர் நடந்து வந்தேன். கூட வந்த பையன் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

காரணம் பிறகுதான் விளங்கியது. எடை குறைவாக, மெத்து மெத்தென்று இருக்கும் சோல்களில் பல பாலியூரிதேன் நுரை. காற்றில் இருக்கும் ஈரமே அதன் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுத்துவிடும். போட்டாலும் அறுக்கும், போடாமல் வைத்தாலும் அறுக்கும். சூடும் ஈரமும் சேர்ந்த நம் ஊர் மாதிரி இடத்தில் இன்னும் சீக்கிரம். ஆகவே "பெட்டியிலேயே இருந்தது" என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது அது சந்தேகப்பட வேண்டிய பேச்சு. ரப்பர் சோல் இப்படிப் பொடியாகாது. வயதானால் இறுகும், வெடிக்கும், ஆனால் முன்கூட்டியே கண்ணுக்குத் தெரியும். பாலியூரிதேன் கடைசி நாள்வரை நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு நடுக்காட்டில் கைவிடும்.

குதிகாலுக்கு மேலே சோலின் பக்கவாட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். பள்ளம் எழும்பாமல் அப்படியே நின்றாலோ, விரலில் பிசுபிசுத்தாலோ, மயிரிழை வெடிப்பு தெரிந்தாலோ, தோல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வந்துவிட வேண்டியதுதான். பழைய பூட்ஸ் வாங்குகிறவர்கள் எல்லாரும் மேல்தோலைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். தோலை ஒரு வாரம் மெனக்கெட்டால் மீட்டுவிடலாம். செத்த நுரையை எந்த வைத்தியரும் எழுப்ப முடியாது.

இரண்டாவது ஜோடி கிடைத்தது 2024 தை மாதக் கடைசியில், திருநெல்வேலி ஜங்ஷன் பக்கத்தில் ஒரு காயலான் கடையில். பழைய சாமான் கடைக்குத் தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்தப் பெயர்தான். காயல்பட்டினத்துக்காரர்கள் நடத்தியதால் வந்தது என்பார்கள். அதற்கு முந்தைய டிசம்பர் 17, 18 மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அதே காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி ஜங்ஷனுக்குள் வந்தது. இந்தக் கடையிலும் இடுப்பளவு தண்ணீர் நின்ற கோடு சுவரில் இருந்தது. பூட்ஸ் அந்தக் கோட்டுக்குக் கீழே கிடந்தது.

கணுக்காலுக்கு மேல் நாலு விரல் உயரம். காப்பிக்கொட்டை நிறம் என்று ஊகிக்கலாம். சாம்பலும் பச்சையுமாகப் பூஞ்சை பூத்திருந்தது. தையல் இடுக்கெல்லாம் வண்டல் இறுகி சிமெண்ட் பூசினது மாதிரி. நாக்கில் அச்சிட்டிருந்த பெயர் அழிந்து, 8 என்ற எண் மட்டும் மிச்சம். நான் போடுவது பிரிட்டிஷ் அளவில் 8, ஐரோப்பிய அளவில் 42. அமெரிக்க அளவில் இதே கால் 9 ஆகிவிடும். வெறும் எண்ணை நம்பி வாங்கியவர்கள் பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள். போட்டே பார்க்க வேண்டும், அதுவும் சாயங்காலம், நாள் முழுக்க நடந்து கால் லேசாக வீங்கிய பிறகு.

"எண்ணூறு ரூவா அண்ணாச்சி. வெள்ளத்துல கிடந்தும் ஒண்ணும் ஆகல பாத்தீயளா."

"ஒண்ணும் ஆகலயா? காளான் முளைச்சுக் கிடக்கு. சமைச்சுத் திங்கவா?"

அவன் சிரித்துவிட்டான். அங்கேயே விலை பாதி இறங்கிவிட்டது. ஆனாலும் கால் மணி நேரம் பார்த்தேன். சோல் ரப்பர், நகம் பதியவில்லை. சோலுக்கும் மேல்தோலுக்கும் நடுவே சுற்றிவர ஒரு தோல் பட்டி ஓடி, அதன் மேல் தையல் போயிருந்தது. வெல்ட் என்பார்கள். பசையால் மட்டும் ஒட்டியது அல்ல, தைத்தது. நாளைக்குச் சோல் தேய்ந்தால் பிரித்து வேறு மாட்டலாம். சில கம்பெனிகள் பசை ஒட்டின பூட்ஸுக்கும் அழகுக்காக இந்தத் தையலை ஓட்டிவிடுகின்றன. எனவே உள் அட்டையைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கனமான தோல் தகடு இருந்தது. அப்போதுதான் மனசு இறங்கியது.

மேல்தோல் அசல்தானா என்று பார்க்கத் தீக்குச்சி கொளுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்தவன் கடையில் அதெல்லாம் செய்யக்கூடாது. விரலால் அழுத்தினால் அசல் தோலில் சுற்றிலும் பொடிச் சுருக்கங்கள் ஓடும், விட்டால் மறையும். ரெக்ஸினில் ஒரு குழி விழும், அவ்வளவுதான். நாக்கின் வெட்டு ஓரத்தைப் பார்த்தேன். துணி தெரியவில்லை, நார் தெரிந்தது. ஓரத்தின் நடுவில் நீலம் கலந்த சாம்பல் நிறம். அப்படியென்றால் குரோம் உப்பில் பதனிட்ட தோல். இப்போது ஆம்பூர், வாணியம்பாடியில் பெரும்பாலும் இதுதான். அடித்தகடு மட்டும் உள்ளே வெளியே ஒரே பழுப்பு. அது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்டது. நம் கரடுகளில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறதே ஆவாரை, அதன் பட்டையையும் கடுக்காயையும் வைத்துத்தான் ஒரு காலத்தில் தென்னாட்டுத் தோலைப் பெரும்பாலும் பதனிட்டார்கள்.

450 ரூபாய்க்கு முடிந்தது.

வீட்டில் பிரச்சினை வேறு மாதிரி. "எவன் போட்டதோ. செத்தவன் செருப்பா இருந்தா என்னல செய்வ?" என்று அம்மா வீட்டு முன்கூடமான தார்சாவைத் தாண்டி உள்ளே கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆகவே அடுத்த பத்து நாளும் வேலை தார்சாவில்தான். அதுவும் நல்லதுக்குத்தான், பூஞ்சைத்தூள் வீட்டுக்குள் பறக்கவில்லை.

முதல் நாள் தண்ணீரே தொடவில்லை. லேஸையும் உள் அட்டையையும் உருவி எறிந்தேன். அவை இரண்டும் அடுத்தவன் வியர்வை, புதிதாகவே வாங்கிக்கொள்ளலாம். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு பழைய பல்துலக்கியால் பூஞ்சையை வெளியே பார்த்துத் தள்ளினேன். வண்டலுக்கு என்னென்னவோ எடுத்துப் பார்த்தேன். குத்தூசி தையல் நூலைக் கிழித்துவிடும் போலிருந்தது, பல்குச்சி முறிந்தது. கடைசியில் கைகொடுத்தது விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சி. முனையைச் சாய்வாகச் சீவி வெல்ட் இடுக்கில் ஓட்டினால், வளைகிறது, முறிவதில்லை, தோலைக் கீறுவதும் இல்லை. ஒரு பூட்ஸைச் சுற்றிவர முக்கால் மணி நேரம். கீழே விரித்த பேப்பரில் ஒரு கைப்பிடி தாமிரபரணி சேர்ந்தது.

பிறகு மெடிக்கலில் வாங்கிய சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைப் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு, துணியில் நனைத்து உள்ளும் புறமும் துடைத்தேன். ஸ்பிரிட் பூஞ்சையைக் கொல்லும், சாயத்தையும் தூக்கிவிடும். அதனால் முதலில் நாக்கின் அடிப்பக்கம் ஒரு ஓரத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். துணியில் லேசாகப் பழுப்பு ஒட்டியது, அதற்குமேல் இல்லை. சரி என்று இறங்கினேன்.

கழுவுவதற்குக் குதிரைச் சேணத்துக்கென்றே செய்யும் சோப்பு ஒன்று டப்பாவில் வருகிறது. டவுன் கடைகளில் கேட்டால் முழிக்கிறார்கள், ஆன்லைனில்தான் வாங்கினேன். துணி சோப்பு ஏன் ஆகாது என்பதை முதல் ஜோடி எனக்குச் சொல்லித் தந்திருந்தது. பதனிட்ட தோல் லேசான அமிலத் தன்மையோடு இருக்கும். சலவைத்தூள் கடுமையான காரம், தோலுக்குள் இருக்கும் கொழுப்பையும் கூடவே வழித்துக்கொண்டு போய்விடும். சேணச் சோப்பிலும் காரம் உண்டு. ஆனால் கூடவே எண்ணெயும் மெழுகும் இருப்பதால் அடி கொஞ்சம் மெத்தென்று விழும். ஈரப் பஞ்சில் நுரையெடுத்து, நுரையை மட்டும் வைத்துத் துடைப்பது; தோலைத் தண்ணீரில் முக்குவது அல்ல. மூன்று தடவை செய்தேன். முதல் தடவை நுரை கறுப்பு, இரண்டாவது சுக்குக்காப்பி நிறம், மூன்றாவது தடவை வெள்ளையாகவே நின்றது.

இடது கால் பக்கவாட்டில் அலை அலையாக வெள்ளைக் கோடு. தண்ணீர் வற்றும்போது உப்பு நிற்கும் கோடு அது. வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு கலந்து துடைத்ததும் போய்விட்டது. அடித்தகட்டில் குதிகால் ஆணிகளைச் சுற்றி மட்டும் கறுப்புப் பொட்டுகள். துருவும் பட்டைச் சாறும் சேர்ந்தால் கறுப்புத்தான். கடுக்காயில் இரும்பைப் போட்டு மை காய்ச்சுவதும் இதே சங்கதி. எலுமிச்சம்பழம் தேய்த்ததில் மங்கியது. காலுக்கு அடியில்தானே இருக்கிறது என்று மிச்சத்தை விட்டுவிட்டேன். இதனாலேயே பட்டையில் பதனிட்ட தோலைத் துடைக்க இரும்புச்சத்து உள்ள போர் தண்ணீர் வேண்டாம்.

இனி காயவைப்பது. இங்கேதான் நம் ஊர்க்காரன் புத்தி வேலை செய்யும். நமக்கு எல்லாமே வெயில்தான். நெல்லானாலும் வத்தலானாலும் தலையணையானாலும் மாடியில் போடு. கொடை சமயத்தில் கோயில் வாசலில் தப்பு மேளம் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். வைக்கோலைக் கொளுத்தித் தீயில் காட்டக் காட்ட தோல் விறைத்து, தட்டினால் கணீரென்று பேசும். தப்புக்கு அந்த விறைப்பு வேண்டும். பூட்ஸுக்கு அதுவேதான் சாவு. ஈரமாக இருக்கும்போது சூடு பட்டால் நார்கள் சுருங்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதன்பின் எண்ணெய் ஊற்றி ஆறாது.

நார்க்கட்டிலில் பக்கவாட்டாகப் படுக்க வைத்தேன், அடியிலும் காற்று ஓடட்டும் என்று. உள்ளே பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, முதல் நாள் மட்டும் இரண்டு மணிக்கொரு தடவை மாற்றினேன். காய்ந்த மாசி மாதக் காற்று, ஃபேன்கூட வேண்டியிருக்கவில்லை. மறுநாள் வெளிப்பக்கம் காய்ந்தே விட்டது. அங்கே அவசரப்படாமல் இருந்ததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். புறங்கையை உள்ளே விரல் நுனிப் பக்கம்வரை விட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நாலாம் நாள்தான் அந்தச் சில்லிப்பு போனது.

அந்த நாலாம் நாள்தான் மாமா வந்தார். மணிமுத்தாறு போலீஸ் பட்டாலியனில் இருந்து ஓய்வு பெற்றவர். பூட்ஸ் விஷயத்தில் அவர் சொல்வதே சட்டம் என்ற நினைப்பு.

"இதுக்கு என்னத்துக்குவே நாலு நாளு? செர்ரி பிளாசம் ஒரு டப்பா எடு, பஞ்சு எடு, தண்ணியத் தொட்டுத் தொட்டு வட்டமாத் தேய். மூக்குல முகம் பாக்கலாம்."

செய்தும் காட்டினார், தன் பழைய ஜோடியில். விரலில் சுற்றிய துணியில் பாலிஷ், ஒரே ஒரு சொட்டுத் தண்ணீர், காசளவு வட்டமாக விரலை ஓட்டிக்கொண்டே இருக்கிறார். பத்து நிமிஷம் மங்கலாகவே இருந்த முனை, திடீரென்று திறந்துகொண்ட மாதிரி மின்னியது. தார்சா ஓட்டின் சந்தில் வந்த வெளிச்சம் அதில் தெரிந்தது. அந்தக் கைவேலையை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அது மெழுகுப் பூச்சு. தோலுக்கு மேலே நிற்பது. காய்ந்துபோன தோலுக்கு உள்ளே போக வேண்டியது எண்ணெய். வறண்ட தோலில் வெறும் பாலிஷ் ஏற்றினால் மேலே மினுங்கும், நடக்கும்போது மடிப்பில் ஓடு மாதிரி உடையும். இதை மாமாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. "ஆகட்டும் மாமா" என்றேன்.

எண்ணெய்க்கு வெளிநாட்டில் மாட்டின் கால் எலும்பில் இருந்து உருக்கிய எண்ணெய் பேர்போனது. நான் கைக்குக் கிடைத்ததைப் பார்த்தேன். நல்லெண்ணெயும் சூரியகாந்தி எண்ணெயும் நாள்பட்டால் பிசினாகும், சிக்கு வாடை வேறு. விளக்கெண்ணெய் அப்படிக் காயாது. தாத்தா மாடு கட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கமலையின் தோல்வாலுக்கு விளக்கெண்ணெய்தான் தடவுவார் என்று அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது. நாட்டு மருந்துக் கடையில் தேன்மெழுகு 20 கிராம், விளக்கெண்ணெய் 60 மில்லி. கொதிக்கும் தண்ணீர்ச் சட்டிக்குள் ஒரு டப்பாவை இறக்கி, அதில் மெழுகை முதலில் உருக்கி எண்ணெயை விட்டுக் கலக்கி ஆறவைத்தேன். நேராக அடுப்பில் வைக்க வேண்டாம், மெழுகு தீப்பிடிக்கும். ஆறியதும் தைலம் மாதிரி உறைந்தது. அம்மாவுக்கு அந்த வாசனை மட்டும் பிடித்துவிட்டது, குதிகால் வெடிப்புக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டாள்.

துணி வேண்டாம், விரல்தான். உள்ளங்கைச் சூட்டில் இளகி, தோலில் போட்டதும் நிறம் இறங்குவதைப் பார்க்கலாம். மடிப்பு விழுந்த இடம் உடனே குடித்தது, குதிகால் பக்கம் தொடவே இல்லை. ஒரு காலுக்குச் சுண்டைக்காய் அளவுதான். மிச்சமிருந்ததைப் பார்த்து இன்னும் கொஞ்சம் போடலாமா என்று கை துறுதுறுத்தது. முதல் ஜோடியை நினைத்து அடக்கினேன். எண்ணெய் கூடினால் தோல் தொளதொளத்துவிடும், தையல் நூலும் பலம் இழக்கும். ராத்திரி முழுக்க விட்டு, காலையில் மிஞ்சியதைத் துடைத்து, பிரஷ் போட்டேன். இரண்டு நாள் கழித்து மடிப்புகளுக்கு மட்டும் இன்னொரு பூச்சு. காப்பிக்கொட்டை நிறம் என்று நான் ஊகித்தது தப்பு, புளியங்கொட்டை நிறம்.

குதிகால் ஒருபக்கமாகச் சாய்ந்து தேய்ந்திருந்தது. பாளையங்கோட்டையில் பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்காரும் தைக்கிற அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "முன்னால போட்டவன் வெளிக்காலு ஊனி நடந்துருக்கான் தம்பி. ஒமக்கும் அப்படியா?" என்று என் செருப்பைக் கழற்றச் சொல்லி அதன் தேய்மானத்தையும் பார்த்தார். இல்லை என்று ஆனதும்தான் வேலையில் இறங்கினார். பழைய ஹீலைச் சாய்வு போகும்வரை சீவி, லாரி டயர் துண்டை வெட்டி, சொல்யூஷன் தடவி, அது கையில் ஒட்டாத பதம் வரும்வரை ஒரு பீடி குடித்துவிட்டு, ஒட்டி ஆணி அடித்தார். அந்தப் பீடி நேரம் சும்மா இல்லை. ஈரமாக ஒட்டினால் ஒரு வாரத்தில் வாய் பிளக்கும். 180 ரூபாய் கேட்டார், 200 கொடுத்தேன்.

கணக்கு: பூட்ஸ் 450, சேணச் சோப்பு 320, ஸ்பிரிட், வினிகர், மெழுகு, எண்ணெய் எல்லாம் சேர்த்து 210, லேஸும் உள் அட்டையும் 190, ஹீல் 200. மொத்தம் 1,370. என் பத்து நாளைச் சேர்க்கவில்லை. சேர்த்தால் புதுசே வாங்கியிருக்கலாம் என்று அம்மா சொல்வது சரியாகிவிடும்.

இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. உடங்காட்டில் இருந்து வந்ததும் பிரஷ். நாலு மாதத்துக்கு ஒரு தடவை சுண்டைக்காய் அளவுத் தைலம். அய்ப்பசி, கார்த்திகையில் பெட்டிக்குள் வைக்காமல் தார்சாவில் காற்றாடத் தொங்கவிடுகிறேன். போன மாதம் வலது ஹீலில் ஒரு முள் முறிந்து நின்றது, குறட்டால் பிடுங்கினேன், டயர் தாண்டவில்லை. இடது கால் மட்டும் நடக்கும்போது கிறீச் கிறீச்சென்கிறது. உள் அட்டைக்கு அடியில் பவுடர் போட்டுப் பார்த்தேன், அரை நாள்தான் தாங்கியது. சோலுக்குள் இருக்கும் இரும்புப் பட்டை ஆட்டம் கண்டிருக்கும், பிரித்துத்தான் பார்க்கணும், முந்நூறு ஆகும் என்கிறார் அண்ணாச்சி. மழை முடியட்டும் என்று இருக்கிறேன்.